தண்ணி படாத கல்

அந்தப் பைய மிதிச்சுராதீங்க தம்பி. உள்ள அருவாமணை இருக்கு. பயப்படாதீங்க, சாக்கு சுத்தி, அதுக்கு மேல பழைய வேட்டியச் சுத்தி, கயிறு போட்டு இறுக்கித்தான் வெச்சிருக்கேன். இருந்தாலும் கூரான சாமான். கொஞ்சம் கால ஒதுக்கிக்கிருங்க. நீங்க எதுவரைக்கும்? தென்காசியா? நல்லதாப் போச்சு. நான் ராஜபாளையத்துல எறங்கணும்.

கண்டக்டர் வர்றாரு, நீங்க ஒண்ணும் சொல்லிக்கிறாதீங்க. ராஜபாளையம் ஒண்ணு குடுங்க சார். பையிலயா? வீட்டுச் சாமான் சார். அட, காய் நறுக்குற அருவாமணை சார், என்னையப் பாத்தா வெட்டுக்குத்துக்குப் போற ஆளு மாதிரியா இருக்கு? சரி, சீட்டுக்கு அடியில தள்ளிர்றேன். சரி சார். சரிங்கிறேன்ல.

பாத்தீங்களா, எப்பிடி மொறைச்சுட்டுப் போறாருன்னு. இன்னைக்குப் பாக்குறவன்லாம் என்னையத்தான் மொறைக்கிறான்.

இந்தா, ரயில்வே கேட்டப் போட்டுட்டான். இன்னைக்குன்னு பாத்துத்தான் போடுவான். அங்குன பாருங்க, ரயிலே கண்ணுல காணோம், அதுக்குள்ள போட்டுட்டான். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன தம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி நான் ராஜபாளையம் போயிச் சேரலேன்னா எம் பொண்டாட்டி திருப்பூருக்கு பஸ் ஏறிருவா. அங்க ஏதோ மில்லு ஹாஸ்டல்ல சமையல் வேலையாம். அவ அண்ணன் மக ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்கு. ஏறிட்டாள்னா ஏறுனதுதான். ஒரு எடத்த விட்டுக் கெளம்பிட்டா திரும்பிப் பாக்குற ரகம் கெடையாது அவ. மொதப் புருசன் வீட்டுலருந்தும் அப்பிடித்தான் வந்தா.

ஆமா, அவளுக்கு நான் ரெண்டாவது. எனக்கு அவதான் மொதத் தாரம். அதச் சொல்றேன், இருங்க. தப்பு யாரு மேலங்கிறத நீங்களே சொல்லுங்க. நான் எதையும் சொல்லல. முழுசாக் கேட்டுட்டு நீங்க சொல்லுங்க.

நான் சிவகாசியில மெஷின் ஆளு. ஆப்செட் மெஷின். கனிராஜ்னா லேபிள் அடிக்கிற பிரஸ்ல எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், ஊதுவத்தி அட்டை, எல்லாம் ஓட்டியிருக்கேன். செவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாக்கூட இந்தக் கண்ணு பிடிச்சுரும். இப்ப நின்னுட்டேன். இப்ப எனக்கு வேலைன்னா ஒண்ணுதான். சாணைக்கல்லு சேக்குறது.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. கத்தி தீட்டுற கல்ல எவனாச்சும் சேப்பானான்னு கேப்பாங்க. சும்மாக் கல்லு இல்ல தம்பி, லேபிள் ஒட்டுன கல்லு. வெள்ளக்காரன் காலத்துல தூத்துக்குடி ஹார்பர்ல கப்பல்ல வந்து எறங்குன சரக்கு. முடி வெட்டுறவரு, தச்சரு, தோல் வேலை செய்றவரு, எல்லாருக்கும் அங்கயிருந்துதான் போகும். கல்லு மேல காயிதத்துல ஒரு படம் ஒட்டியிருப்பான். கிளி, கப்பலு, கொம்பு ஊதுற மனுசன், இப்பிடி. ஓரத்துல தங்கப் பொடி தூவியிருப்பான். அந்தப் படத்த எதுல அச்சடிச்சான்னு நெனைக்கிறீங்க? கல்லுல. அப்பல்லாம் கல்லுல படத்த வரைஞ்சு, மை தடவி, அப்பிடித்தான் அச்சடிப்பாங்க. கல்லுல அடிச்ச படத்தக் கொண்டாந்து கல்லுலயே ஒட்டியிருக்கான் பாருங்க. எனக்கு மொத மொத அதக் கையில எடுத்தப்ப கீழ வெக்க மனசே வரல.

முக்கியமான சமாச்சாரத்தச் சொல்லிர்றேன். லேபிள எங்க ஒட்டியிருப்பான் தெரியுமா? கல்லு மொகத்துலயே. தீட்டுற எடத்துலயே. தீட்டணும்னா லேபிளக் கிழிச்சாகணும். அப்ப லேபிள் முழுசா இருக்குதுன்னா என்ன அர்த்தம்? எவனும் தீட்டல. எண்ணெய் விடல. தண்ணி படல. வந்தது வந்த மாதிரி இருக்கு. தண்ணி படாத கல்லுன்னு சொல்லுவோம். அது ஒண்ணு கெடைக்கிறதுக்கு நாய் படாத பாடு படணும். பழைய இரும்புக் கடைய இடிக்கிறாங்கன்னு தகவல் வந்தா அங்க நிக்கணும். கடைக்காரரு செத்துட்டாருன்னா பதினாறாம் நாள் கழிச்சு வீட்டுல போயி நைசாப் பேசணும்.

அந்த மாதிரி விருதுநகர்ல ஒரு கடைய இடிச்சப்பதான் ரெட்டைக் கொக்கு கெடைச்சுச்சு. பரண் மேல, சாக்குக்கு அடியில, மரப்பெட்டியோட. ரெண்டு கொக்கு எதிரும் புதிருமா நிக்கும். ஒண்ணு வாயில மீனு. இன்னொண்ணு அந்த மீனையே பாத்துக்கிட்டு நிக்கும். அடியில தமிழ்ல, ‘எண்ணெய் விட்டுத் தீட்டவும்’னு எழுத்து. அதே மாதிரி இன்னொண்ண நான் எங்கயும் பாத்ததில்ல. அன்னைக்கு அவளுக்கு நெருப்பாக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். கடைய இடிக்கிறவன் காத்திருப்பானா? காய்ச்சல் மறுநாளும் இருக்கத்தான செய்யும்? இருந்துச்சு. மறுநாள் கூட்டிட்டுப் போனேன். நான் விட்டுட்டுப் போற ஆளு கெடையாது.

கேட்டத் தொறந்துட்டான். ஏய், ரைட் குடுப்பா, போப்பா, முந்தித்தான் போயேன்.

போனு அடிக்குது. அவ அண்ணன். பூவலிங்கம் மச்சான். இருங்க. சொல்லுங்க மச்சான்... பஸ்ஸுலதான் இருக்கேன். கேட்டுல நின்னுருச்சு... சத்தியமா பஸ்ஸுல மச்சான், எரைச்சல் கேக்குதுல்ல?... கொண்டாறேன். எடுத்தாச்சு. காலுக்கு அடியிலதான் இருக்கு... சரி. சரி மச்சான்.

“மாப்ள, மத்தியானத்துக்குள்ள வந்துருங்க, நான் அவளப் பிடிச்சு வெக்க முடியாது”ங்கிறாரு. நல்ல மனுசன். எனக்கும் அவளுக்கும் நடுவுல கெடந்து லோல்படுறாரு. பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்னு சொல்றாரு.

இந்த அருவாமணை எதுக்குன்னு கேக்கலையே நீங்க? அவ கேட்டிருக்கா. அது அவ ஆத்தா வீட்டுச் சாமான். அவ போறப்ப விட்டுட்டுப் போயிட்டா. இப்ப அண்ணங்கிட்ட சொல்லி, “அவரு வரும்போது அருவாமணைய மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லு”ன்னிருக்கா. வேற எதையும் கேக்கல. சேலை கேக்கல, பாத்திரம் கேக்கல. நான் என்ன நெனைக்கிறேன்னா, அது ஒரு சாக்கு. என்னைய வரவெக்கணும், வாயத் தொறந்து கேக்கக் கூச்சம். பொம்பளைக மனசு எனக்குத் தெரியும். என்ன சொல்றீங்க? ஹாஸ்டல் சமையலுக்கா? அங்க இல்லாத அருவாமணையா தம்பி!

அவ பேரு சீனித்தாய். ரொம்பச் சின்ன வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. புருசன் லாரியில போனவன், ஆக்சிடென்ட்ல போயிட்டான். அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவளப் பண்ணுன கொடுமை இருக்கே, சொல்லி மாளாது. நல்ல நாளு பொல்ல நாளுன்னா பின்கட்டுல உக்காத்தி வெச்சுருவாங்களாம். நாத்துனா கல்யாணத்துக்கு ஒல வெக்கையில உப்புச் சட்டிய எடுத்துக் குடுத்திருக்கா. அந்த மாமியாக்காரி சபையில வெச்சு, “ராசி கெட்ட கை, நீ ஏண்டி தொட்ட?”ன்னு கேட்டு, அம்புட்டு உப்பையும் குப்பையில கொட்டிட்டாளாம். அன்னைக்குக் கட்டுன சேலையோட அண்ணன் வீட்டுக்கு வந்தவதான்.

எங்கிட்ட இதச் சொல்லும்போது அழுகக்கூட இல்ல. வெறும் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே சொன்னா. நான் அப்பவே சொன்னேன், இந்தா பாரு, எனக்கு இந்த ராசி, சகுனம் எதுலயும் நம்பிக்கை கெடையாது, நீ தைரியமா இருன்னேன். எங்க சொந்தக்காரன் ஒருத்தன்கூட ஒத்துக்கிடல. எங்க ஆத்தா தலையில அடிச்சுக்கிட்டா. நான் கேக்கலையே. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக் கூட்டிட்டு வந்தேன். பிரஸ்ஸுல மொதலாளியே கையப் பிடிச்சு, “கனிராஜ், நீ மனுசன்யா”ன்னாரு. எத்தனை பேரு செய்வான் தம்பி, சொல்லுங்க? அத இன்னைக்கு வரைக்கும் நான் அவகிட்ட சொல்லிக் காட்டுனதே இல்ல. எப்பவாச்சும், கோவத்துல, ஒண்ணு ரெண்டு தடவை சொல்லியிருப்பேன். அது யாரு வீட்டுலயும் உள்ளதுதான்.

மல்லி ஸ்டாப் வந்துருச்சா? எறங்குறவங்க எறங்குங்கப்பா, இங்குன என்ன பேச்சு.

சரி. விசயத்துக்கு வர்றேன். கல்லெல்லாம் ஒரு பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பேன். சாவி என் இடுப்புல. அவளத் தொட விட்டதில்ல. அவ மேல சந்தேகம் இல்ல, காத்துப் பட்டாலே காயிதம் பொரிஞ்சுரும், அதுக்காக. அவளும் கேட்டதில்ல. இந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சு. சிவகாசியில ஆயுத பூசைன்னா உங்களுக்குத் தெரியாது, தீவாளிய விடப் பெருசு. மெஷினக் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பொரிகடலை மூட்டை மூட்டையா எறங்கும். வீட்டுல அவ அருவாமணை, அம்மி, தையல் மெஷினு, அவ்வளவுதான் வெப்பா.

இந்த வருசம் பூசைக்கு மறுநாள் பெங்களூர்லருந்து ஒரு ஆளு வர்றதா இருந்துச்சு. பெரிய ஆளு. இந்தக் கல்லுகளப் பத்திப் பொஸ்தகம் போடுறவரு. என் கல்லையெல்லாம் போட்டோ எடுத்து, எம் பேரையும் போடுறேன்னு சொன்னாரு. யோசிச்சுப் பாருங்க, காலம் பூரா ஊரான் பேர அச்சடிச்சவன் நான். எம் பேரு ஒரு எடத்துலயும் அச்சுல வந்ததில்ல. மொத மொத வரப்போகுது. அந்த சந்தோசத்துல, பூசை அன்னைக்குக் காலையில சாவிய இடுப்புலருந்து அவுத்து அவ கையில குடுத்தேன். “சீனி, இந்த வருசம் கல்லையும் பூசையில வையி. நீயே எடுத்து வையி. உன் கையாலயே வையி”ன்னேன்.

அவ மொகத்த நீங்க பாத்திருக்கணும். சாவிய ரெண்டு கையாலயும் வாங்குனா.

நான் கோயில்பட்டிக்குக் கெளம்பிட்டேன். அங்க ஒரு கடையக் காலி பண்றாங்கன்னு சொன்னாங்க, போனா ஒண்ணும் இல்ல, வெறும் துருப்பிடிச்ச ஆணி. பொழுது சாயத் திரும்பி வாறேன். வாசல்ல கோலம். உள்ள சந்தன வாசம். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் பொரி வாங்குறதுக்கு நிக்குது. அவ தலைக்குக் குளிச்சு, ஈரக் கூந்தல முடிஞ்சு, பட்டுச் சேலை கட்டி நிக்கிறா. பூசைக்குன்னு பட்டினி வேற. “வாங்க, உங்களுக்குத்தான் காத்திருக்கேன், தீவாரணை காட்டணும்”ங்கிறா.

வாழையெலையில எங் கல்லு. வரிசையா. அத்தனையும். கழுவி.

கழுவிட்டா தம்பி. புளி போட்டுத் தேய்ச்சு, தண்ணியில அலசி, துணியால தொடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சந்தனம், குங்குமம். லேபிளக் காணோமேன்னு ஒவ்வொரு கல்லாத் திருப்பிப் பாக்குறேன். அவளே சொல்றா, “காயிதம் ஊறி எந்திரிச்சுக்கிருச்சுங்க. நான் தூரப் போடல, சொளகுல பரத்திக் காய வெச்சிருக்கேன். படம் நல்லாயிருக்குல்ல, உங்களுக்கு வேணும்ல.” ஓடிப்போயிப் பாத்தா எல்லாம் அரிசி பொடைக்கிற சொளகோட ஒட்டிக் கெடக்கு. எடுத்தா ரெண்டாப் பிஞ்சு வருது. ஒரு கொக்கு காயிதத்துல இருக்கு, ஒரு கொக்கு சொளகுல இருக்கு.

அதோட விட்டாளா? “வருசம் பூராச் சும்மா கெடந்த ஆயுதத்துக்குப் பொட்டு வெக்கக் கூடாதுல்ல. வேல செஞ்சாத்தான அது ஆயுதம். அதான் ஒவ்வொண்ணுலயும் நம்ம அருவாமணைய ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வெச்சேன்”னா. சிரிச்ச மொகமாச் சொல்றா. கொக்குக் கல்லுல நல்லாப் பிடிச்சுச்சுன்னு அதுல மட்டும் ரொம்ப நேரம் தீட்டுனாளாம்.

எத்தனை வருசம் தம்பி. கப்பல்ல வந்து, பரண்ல கெடந்து, ஒரு சொட்டுத் தண்ணி படாம இருந்த கல்லு. இவ கையில ஒரு நாள் தாங்கல.

இப்ப நீங்க சொல்லுங்க. கோவம் வருமா வராதா?

நான் அடிக்கல. கைய ஓங்கக்கூட இல்ல. அந்தப் பழக்கமே நமக்குக் கெடையாது. ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை.

பெங்களூர்க்காரரு மறுநாள் வந்தாரு. பாத்தாரு. காமிராவப் பையவிட்டு எடுக்கவே இல்ல. டீ குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த அவமானம் இன்னும் என் நெஞ்சுல கெடந்து அறுக்குது. அதப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க. மச்சான்கூட, “நீங்க சொன்ன வார்த்தை, நீங்க சொன்ன வார்த்தை”ன்னுதான் சொல்றாரு. நான் பட்ட நட்டத்த ஒரு ஆளு கேக்கல.

என்ன வார்த்தையா? அது கெடக்கட்டும் தம்பி, கோவத்துல சொன்னது. அதக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க.

அன்னைக்கு அவ நின்ன சனத்துக்கெல்லாம் பொரி அள்ளிக் குடுத்தா. எல்லாரும் போனப்புறம் கொல்லையில போயிக் கையக் கழுவுனா. கழுவிக்கிட்டே இருந்தா. நான் உள்ள இருந்து கேக்குறேன், தொட்டியில தண்ணி மோக்குற சத்தம் நிக்கவே மாட்டேங்குது. போதும்டி, தண்ணி காலியாகப் போகுதுன்னு சத்தம் போட்டேன். அப்பத்தான் நிறுத்துனா.

மறுநாளுலருந்து எங் கையில எதையும் குடுக்க மாட்டா. டம்ளரக் கொண்டாந்து கீழ வெப்பா, நான் எடுத்துக் குடிக்கணும். சோத்துத் தட்டையும் கீழதான் வெப்பா, தள்ளி நின்னுக்கிருவா. கடைக்குப் போகக் காசு குடுத்தா வாங்க மாட்டா, “அங்குன வெச்சுருங்க”ன்னுவா. என் துணியத் தொடாம குச்சியால எடுத்துக் கொடியில போட்டா தம்பி! வீம்பு. புருசன் ஒரு சொல்லு சொல்லிட்டான்னா அதுக்கு இப்பிடியா? தீவாளிக்கு முன்னாடி ஒரு நாள் கதவப் பூட்டி, சாவிய நெலைப்படி மேல வெச்சுட்டுப் போயிட்டா. அதையும் யாரு கையிலயும் குடுக்கல.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல. அவ ரேடியோப் பெட்டியில ஏதாச்சும் ஓடிக்கிட்டே இருக்கும், அந்தச் சத்தமில்லாம பைத்தியம் பிடிக்குது. பீரோவத் தொறந்து அந்த வெறுங்கல்லப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு அவ வேணும் தம்பி. இன்னைக்கு எப்பிடியும் கூட்டிட்டு வந்துரணும். சபையில வெச்சே சொல்லிரலாம்னு இருக்கேன். “சீனி, நடந்தது நடந்துபோச்சு, நான் ஒன்னைய மன்னிச்சுட்டேன்”னு. இதுக்கு மேல ஒரு ஆம்பள எறங்கி வர முடியுமா?

நீங்க ஏன் ஜன்னலப் பாக்குறீங்க?

சரி, சொல்றேன். நீங்களே சொல்லுங்க, இது அவ்வளவு பெரிய வார்த்தையான்னு. “அந்த ராசி கெட்ட கைய வெச்சுக்கிட்டு எங் கல்ல எதுக்குடி தொட்ட?”ன்னு கேட்டேன். அவ்வளவுதான். அந்த மாமியாக்காரி ஞாபகம்லாம் எனக்கு அப்ப வரவே இல்ல. கோவத்துல வாய்ல எது வருதோ அதத்தான மனுசன் சொல்லுவான். நான் அப்பிடி நெனைக்கிறவனா இருந்தா அவளக் கட்டியிருப்பேனா? அத அவ யோசிக்கணுமா வேண்டாமா?

இருங்க, போனு. மச்சானாத்தான் இருக்கும்.

இல்ல. பிச்சை பாய். வில்லிபுத்தூர்ல பழைய சாமான் வியாபாரம். சொல்லுங்க பாய்... என்னது?... பாய், வெளையாடாதீங்க... மீனோடயா? ஒரு கொக்கு வாயில மீனு இருக்கா?... லேபிள் கல்லு மேலயே இருக்கா, பிரிஞ்சு இருக்கா? மூலையில கிழிசல் இருக்கா?... யாரு, மதுரைக்காரனா? அவன் எப்ப வர்றானாம்?... பாய், பாய், குடுத்துராதீங்க. அவங்கிட்டக் காட்டக்கூட வேண்டாம். நான் இந்தா கிட்ட வந்துட்டேன். பஸ்ஸுலதான் இருக்கேன். கோபுரம் தெரியுது பாய், உங்க தலைமேல சத்தியமா. வெச்சுருங்க, வந்துர்றேன்.

தம்பி.

கேட்டீங்கல்ல? ரெட்டைக் கொக்கு. தண்ணி படாதது. பெட்டியோட இருக்காம். இன்னொண்ணு ஒலகத்துலயே கெடையாதுன்னு நெனைச்சேன். மதுரைக்காரன், அவனும் கல்லு சேக்குறவன், கார்ல கெளம்பிட்டானாம். அவன் வந்துட்டா போச்சு, எத்தனை குடுத்தும் தூக்கிட்டுப் போயிருவான்.

இல்ல, மத்தியானத்துக்குள்ள போயிருவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் பாய் கடை. போறேன், வாங்குறேன், அடுத்த பஸ்ஸு. இந்த ரூட்டுல பஸ்ஸுக்கா பஞ்சம்? கேட்டுல நிக்கலையா இம்புட்டு நேரம், அது மாதிரி நெனைச்சுக்கிருங்க. அவ நான் வராம எங்க போயிருவா? அவளுக்கும் தெரியும், நான் வந்துருவேன்னு. காய்ச்சல் அன்னைக்கும் நான் மறுநாள் வந்தேன்ல?

இதுல ஒரு நல்லது இருக்கு தம்பி, நீங்க யோசிச்சுப் பாக்க மாட்டேங்கிறீங்க. இப்ப நான் போனா என் மனசுல அந்தக் கோவம் ஒரு ஓரத்துல இருக்கத்தான் செய்யும். அவளப் பாக்குற நேரமெல்லாம் அந்தச் சொளகு ஞாபகத்துக்கு வரும். இந்தக் கல்லு கைக்கு வந்துருச்சுன்னு வைங்க, நட்டமே இல்லாமப் போயிருது. அப்புறம் எதுக்குக் கோவம்? அவளுக்காகத்தான் வாங்குறேன். அவகிட்டக் காட்டி, பாரு சீனி, திரும்பக் கெடைச்சுருச்சு, உன் மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லலாம்ல?

கையப் பிடிக்காதீங்க தம்பி. விடுங்க. வயசுல சின்னவரு நீங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது.

எறங்கணும்! வில்லிபுத்தூர் எறங்கணும்! சார், ராஜபாளையம் டிக்கெட்டுதான், பரவாயில்ல, நான் இங்கயே எறங்கிக்கிறேன்.

ஒரு உபகாரம் பண்ணுங்க. இந்தப் பைய நீங்க கொண்டுக்கிட்டுப் போங்க. ராஜபாளையத்துல பஸ் நின்னதும் ஒசரமா ஒரு ஆளு நிப்பாரு, நரைச்ச மீசை, தோள்ல பச்சைத் துண்டு. பூவலிங்கம்னு கூப்பிட்டாத் திரும்புவாரு. குடுத்துட்டு, மாப்ள அடுத்த பஸ்ஸுல வர்றாருன்னு சொல்லிருங்க. பாயப் பத்தியெல்லாம் சொல்ல வேண்டாம். வயித்து வலின்னு சொல்லுங்க. அவளும் வந்து நின்னாலும் நிப்பா. கழுத்துல கறுப்புக் கயித்துல தாலி போட்டிருப்பா, பாத்ததும் தெரிஞ்சுரும். நின்னான்னா அவ கையிலயே குடுத்துருங்க. கீழ வெச்சுராதீங்க தம்பி, என்ன?

வர்றேன் சார், வர்றேன், விசில் அடிக்காதீங்க, வயசான ஆளு எறங்குது தெரியல?

தம்பி, இன்னொண்ணு. சாக்கப் பிரிச்சுராதீங்க. கயிறு லேசா எளகியிருந்தாலும் பாத்துத் தூக்குங்க. நான் தெனம் அதுலதான் வெங்காயம் நறுக்குறேன், இன்னும் ஒரு எடத்துலயும் மழுங்கல. சும்மா சொல்லக் கூடாது, அப்பிடித் தீட்டியிருக்கா.